மூன்று நானோ ஆம்பியர்

கஞ்சிக்கோட்டில் இரும்பு உருக்கும் உலைகள்
எங்கள் கருவிக்குள்ளும் கொஞ்சம் உருக்கும்.
உலை மூச்சிழுக்கும்போதெல்லாம்
திரையில் கோடு துள்ளும்.
ஐந்து மாதமாக நான் அளந்தது எல்லாம்
ரஜுலா சொல்வதுபோல
பக்கத்துக் கம்பெனியின் கம்பி உற்பத்திதான்.

தேடியது வேறு.
டைட்டானியம் ஆக்சைடின் மேல்
ஐந்து நானோமீட்டர் பிளாட்டினம்.
இதன் பக்கத்தில் வெங்காயத் தோலை வைத்தால்
தோல் ஒரு மலை.
கார்பன் மோனாக்சைடு வந்து உட்காரும்.
ஆக்சிஜன் ஏற்கெனவே இரண்டாய்ப் பிளந்து கிடக்கும்.
சேரும்போது ஓர் உதறல்.
உதறலில் பெரும்பங்கை உலோகம் விழுங்கி
வெறும் வெதுவெதுப்பாக்கிவிடும்.
எப்போதோ ஒருமுறை
ஓர் எலக்ட்ரான் அந்த அடியை முழுசாய் வாங்கிக்கொண்டு
ஆறுவதற்குள் ஓடும்.
அதற்குக் கிடைப்பது
நொடியின் கோடி கோடியில் ஒரு பங்கு.
அதற்குள் கீழே உள்ள வரம்பைத் தாண்டினால்
ஆக்சைடு,
அப்புறம் தங்கக் கம்பி,
அப்புறம் நான்.

சூடான எலக்ட்ரான் என்றதும்
அம்மா கேட்டாள், தொட்டால் சுடுமா?
சுடாது.
சுட ஆரம்பித்துவிட்டால்
அது தொலைந்துவிட்டது என்று பொருள்.

அறிக்கையில் வாளையார் சோதனைச்சாவடியை
உவமையாக எழுதியிருந்தேன்.
தயங்கி நின்ற லாரி இந்தப் பக்கமே,
வேகத்தோடு வந்தது மட்டும் அந்தப் பக்கம் என்று.
பிஜோய் சார் அடித்துவிட்டு ஓரத்தில் குறித்தார்:
வாளையாரில் வேகமாய் வருபவனைத்தான்
முதலில் மறிப்பார்கள்.

பிறகு ஒரு ஹர்த்தால்.
எதற்கென்று நினைவில்லை.
முந்தின இரவே கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஸ்கூட்டரில் வந்து
சிலிண்டர் அறைக்கு வெளியே பாய் விரித்தேன்.
கணவாய்க் காற்று ஜன்னலை உலுக்கியபடி இருந்தது.
காலை ஆறு மணிக்கு உலைகள் நின்றன.
அதை முதலில் கேட்டது காதல்ல,
கோடு.

ரயில்கள் மட்டும் ஓடின,
யானைகளுக்காக வாளையார்க் காட்டில் வேகம் குறைத்து.
ஒவ்வொன்றும் கடந்த நேரத்தைத் தாளில் குறித்து
அந்த நிமிடங்களைக் கழித்தோம்.

நூற்று எழுபது டிகிரி.
ஹீலியம் மட்டும் ஓடவிட்டு, வினையே இல்லாமல்,
வெறும் சூடு தள்ளும் மின்னோட்டம்: பதினொன்று.
ரஜுலா வாயுவைத் திறந்தாள்.
பதினான்கு.
மூடினாள்.
பதினொன்று.
"வந்நோ?" என்றாள்.
"வந்துச்சு" என்றேன்.
"நோக்கட்டே" என்று மறுபடி திறந்தாள்.

சாயங்காலம்வரை நாற்பத்திரண்டு தடவை.
ஒன்பதாவது தடவை மட்டும் வரவில்லை.
பதினொன்றிலேயே படுத்திருந்தது கோடு.
இருவரும் பேசவில்லை.
அப்புறம்தான் பார்த்தோம்,
பெரிய வால்வையே திறந்திருக்கவில்லை.
நாற்பத்தொன்றையும் விட
நான் நம்புவது அந்த ஒன்பதைத்தான்.

ஆறு மணிக்கு உலை மூச்சிழுத்தது.
மூன்று நானோ ஆம்பியர்
எங்கே இருந்தது என்றே தெரியாமல் போயிற்று.

திரும்பும் வழியில் கம்பெனி வாசலில்
இரவு ஷிப்டுக்கு வரிசை.
பங்குரா பக்கத்து ஹேம்ப்ரம், டீக்கடைப் பழக்கம்,
தெரிந்த மலையாளத்தில் கேட்டான்:
சேச்சிக்கும் இன்று லீவா?
இல்லை, இன்றுதான் வேலை என்றேன்.
நல்லது என்றான்.
பகல் ஷிப்டில் அவன் தம்பி.
அவனுக்கு ஒரு நாள் கூலி இல்லை.

வீட்டில் தாளை விரித்தேன்.
ரயில்களைக் கழித்தாயிற்று.
சூட்டைக் கழித்தாயிற்று.
அந்தக் கூலியை எழுத
அட்டவணையில் ஒரு கட்டம் தேடினேன்.
அலகு கேட்டது.